கலப்புக் கற்றல்: எது திரைக்கு, எது வகுப்பறைக்கு?

கலப்புக் கற்றல் என்றதும் நம் பக்கத்து ஆசிரியர்கள் பலருக்கு 2020-ஆம் ஆண்டுதான் நினைவுக்கு வருகிறது. அந்த ஆண்டு மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். பாடமெல்லாம் கைபேசிக்குள் போனது. கைபேசி இருந்த வீட்டுப் பிள்ளை ஏதோ கொஞ்சம் படித்தது, இல்லாத வீட்டுப் பிள்ளை அதுவும் இல்லாமல் இருந்தது. ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகள் திரும்ப வகுப்பில் வந்து உட்கார 2021 நவம்பர் ஆகிவிட்டது. ராமேஸ்வரம் தீவிலும் கீழக்கரையிலும் தொண்டியிலும் இன்றைக்கும் இந்தப் பேச்சை எடுத்தால், "மறுபடியும் ஆன்லைனா?" என்று பெற்றோர் பதறுவது நியாயம்தான்.

ஆனால் அன்று நடந்தது கலப்புக் கற்றல் இல்லை. நெருக்கடியில் வேறு வழியில்லாமல் தொலைவிலிருந்து நடத்திய பாடம் அது. கலப்புக் கற்றலுக்குப் பள்ளிக்கூடம் திறந்திருக்க வேண்டும், ஆசிரியர் எதிரே இருக்க வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால் இப்படி: ஒரு பாடத்தின் ஒரு பகுதியைப் பிள்ளை திரையில் தன் வேகத்தில் படிக்கிறது. இன்னொரு பகுதியை ஆசிரியரோடும் கூடப் படிக்கும் பிள்ளைகளோடும் வகுப்பில் படிக்கிறது. திரையில் அந்தப் பிள்ளைக்கு என்ன புரிந்தது, எங்கே இடறியது என்பது ஆசிரியருக்குத் தெரிகிறது. அதை வைத்து அவர் வகுப்பை நடத்துகிறார்.

மூன்றாவதாகச் சொன்னதுதான் முக்கியம், அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஸ்மார்ட் போர்டில் ஒரு காணொளியைப் போட்டு முப்பது பேருக்கும் ஒன்றாகக் காட்டினால் அது நல்ல பாடமாக இருக்கலாம், ஆனால் கலப்புக் கற்றல் ஆகாது. அங்கே பிள்ளையால் நிறுத்த முடியாது, பின்னுக்கு ஓட்டிப் பார்க்க முடியாது. யாருக்குப் புரிந்தது என்பதும் ஆசிரியருக்குத் தெரியாது. அதேபோல வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் கலப்பு இல்லை. அது நோட்டில் எழுதிப்போட்டதைக் கைபேசியில் எழுதிப்போடுவது, அவ்வளவுதான்.

ஒரு பாடத்தைப் பிரித்துப் பார்ப்போம்

நம் கரையில் எந்தப் பிள்ளைக்கும் அந்நியமில்லாத ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம்: கடற்காற்று, நிலக்காற்று.

பாடத்தின் சாரம் இது. பகலில் வெயில் நிலத்தின் மேலும் கடலின் மேலும் ஒரேபோல விழுகிறது. ஆனால் ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4,200 ஜூல் வெப்பம் வேண்டும், ஒரு கிலோ உலர்ந்த மணலுக்கு ஏறத்தாழ 800 ஜூல் போதும். போதாததற்குக் கடல்நீர் கலங்கிக் கலங்கிச் சூட்டைக் கீழே கொண்டுபோய்விடும், மணலோ மேல்பரப்பிலேயே வைத்துக்கொள்ளும். அதனால் நிலம் சீக்கிரம் சூடாகிறது. நிலத்துக்கு மேலே உள்ள காற்றும் சூடாகி எழுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கடல் பக்கத்திலிருந்து காற்று வருகிறது, அதுதான் கடற்காற்று. இரவில் நிலம் சீக்கிரம் ஆறிவிடுவதால் எல்லாம் நேர்மாறாக நடக்கிறது, அதுதான் நிலக்காற்று.

இதில் எதைத் திரைக்குக் கொடுப்பது? காற்று எழுவதையும் அந்த இடத்துக்கு வேறு காற்று வருவதையும் கொடுக்கலாம். அது கண்ணால் பார்க்க முடியாதது. கரும்பலகையில் அம்புக்குறி போட்டால் அசையாது, நான்கு நிமிட அசைபடத்தில் அசையும். புரியாத பிள்ளை இரண்டு முறை பார்க்கும், சிலது ஐந்து முறை பார்க்கும். "இன்னொரு தடவை சொல்லுங்க டீச்சர்" என்று முப்பது பேர் நடுவில் கேட்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு இது பெரிய விடுதலை.

படம் முடிந்ததும் மூன்று கேள்விகள். அதில் ஒன்று: மதியம் இரண்டு மணி, நிலம் கடலைவிடச் சூடாக இருக்கிறது, காற்று எங்கிருந்து எங்கே வீசும்? நிறையப் பிள்ளைகள் "நிலத்திலிருந்து கடலுக்கு" என்று எழுதும். சூடான காற்று பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகும் என்று அவர்கள் மனதில் ஒரு படம் இருக்கிறது. சூடான காற்று மேலே போகிறது, அதன் இடத்துக்கு வேறு காற்று வருகிறது என்ற அந்த ஓர் அடியில்தான் இடறுகிறார்கள். ஆசிரியர் வகுப்புக்குள் நுழையும் முன்பே இந்த விடைகளைப் பார்த்துவிட்டால், நாற்பத்தைந்து நிமிடத்தில் முப்பதைப் பாடத்தை ஒப்பிப்பதில் கரைக்க வேண்டியதில்லை. நேரே அந்த இடத்துக்குப் போகலாம்.

இனி வகுப்பறையின் பங்கு. ஒரே அளவில் இரண்டு பால்மாவு டப்பா. ஒன்றில் கரையிலிருந்து அள்ளிவந்த உலர் மணல், இன்னொன்றில் தண்ணீர். இரண்டிலும் ஆய்வக வெப்பநிலைமானி ஒவ்வொன்று, குமிழ் மேல்பரப்புக்கு ஒரு விரற்கடை கீழே இருக்கும்படி. (காய்ச்சல் பார்க்கும் வெப்பநிலைமானி இதற்கு ஆகாது. அது 35 டிகிரியிலிருந்து 42 டிகிரி வரைதான் காட்டும், நம் ஊர் மணல் அதைத் தாண்டிவிடும்.) இரண்டையும் வெயிலில் வைத்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிள்ளைகளே பார்த்துக் குறிக்கட்டும். அரைமணி கழித்து நிழலுக்கு மாற்றி அங்கேயும் குறிக்கட்டும். மணல் விறுவிறுவென ஏறி விறுவிறுவென இறங்கும், தண்ணீர் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். எண்களைத் தன் கையால் எழுதிய பிள்ளைக்கு 4,200-ம் 800-ம் வெறும் மனப்பாடமாக நிற்காது.

அதற்குப் பிறகுதான் எந்தக் காணொளியும் தர முடியாத பகுதி வருகிறது. பாடநூல் படத்தில் ஒரு பக்கம் நிலம், ஒரு பக்கம் கடல். மண்டபத்துப் பிள்ளைக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவே ஒடுங்கிய நிலம். அங்கே இந்தக் கேள்வி வராமல் இருக்காது:

"டீச்சர், எங்க ஊர்ல ரெண்டு பக்கமும் கடல். காத்து எந்தப் பக்கமிருந்து வரும்?"

"உங்க வீடு எந்தக் கரைக்குக் கிட்ட?"

"வடக்கால டீச்சர்."

"சாயங்காலம் கடலைப் பார்த்து நின்னா காத்து மூஞ்சில அடிக்குதா, முதுகுல அடிக்குதா?"

"ஆனி ஆடின்னா முதுகுலதான் டீச்சர். அப்பா அதைக் கச்சான்னு சொல்லும்."

பாடநூலின்படி முகத்தில் அடிக்க வேண்டிய காற்று முதுகில் அடிக்கிறது. ஏன்? அந்த மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று கரையோரத்துச் சிறு காற்றை அமுக்கிவிடுகிறது. பருவக்காற்றுக்கும் அடிப்படையில் அதே காரணம்தான், நிலமும் கடலும் வெவ்வேறு வேகத்தில் சூடாவது. அளவுதான் பெரிது: அங்கே ஒரு பக்கம் ஆசியக் கண்டம், இன்னொரு பக்கம் இந்தியப் பெருங்கடல். வாடை, கொண்டல், கச்சான், சோளகம் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்திருக்கும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளோடு இதைப் பேசுவது எவ்வளவு பெரிய வாய்ப்பு! எல்லா ஊருக்கும் பொதுவாகச் சொல்லக்கூடியதைத் திரை சொல்லட்டும். இந்த ஊருக்கு மட்டும் உரியதையும், இந்தப் பிள்ளை மட்டும் இடறும் இடத்தையும் ஆசிரியர் பார்த்துக்கொள்ளட்டும். கலப்புக் கற்றலில் நான் கண்ட பயன் முழுவதும் இந்தப் பிரிப்பில் இருக்கிறது.

இரண்டு வழிகள், நம் கரைக்கு ஒன்று

இதை நடத்தப் பல மாதிரிகள் உண்டு. பள்ளிகளுக்குப் பெரும்பாலும் இரண்டு தெரிந்தால் போதும்.

முதலாவது தலைகீழ் வகுப்பறை. விளக்கத்தைப் பிள்ளை வீட்டில் காணொளியாகப் பார்த்துவிட்டு வரும். வீட்டுப்பாடமாகச் செய்ததை வகுப்பில் ஆசிரியர் துணையோடு செய்யும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உட்லண்ட் பார்க் என்ற ஊரில் ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள் 2007-ஐ ஒட்டி இதைச் செய்து பரவலாக்கினார்கள். அவர்கள் தொடங்கிய காரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். விளையாட்டுப் போட்டி, பிற நிகழ்ச்சி என்று வகுப்புக்கு வர முடியாத பிள்ளைகள் பாடத்தைத் தவறவிடுகிறார்களே என்றுதான் பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். வராத பிள்ளையைப் பற்றிய கவலையில் பிறந்த முறை இது.

நம் கரையிலும் அந்தக் கவலை உண்டு. ஆனால் இந்த முறையை அப்படியே எடுத்தால் இங்கே இடிக்கும். வீட்டில் கைபேசி இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் பதில் வரும். யார் கையில், எந்த நேரத்தில் என்று கேட்க வேண்டும். கைபேசி அப்பாவுடையது, அப்பா படகில் போகும்போது அதுவும் கடலுக்குப் போகிறது. அவர் கரைக்கு வந்து மீனை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரும்போது சார்ஜ் இருக்காது. இல்லாவிட்டால் பிள்ளை பள்ளியில் இருக்கும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிறவர்கள் கைபேசியோடு வீட்டில் இருக்கும் அந்த நாள்களில் பாதிக்கு மேல் பள்ளி விடுமுறை. அண்ணன் தம்பி இருக்கும் வீட்டில் கைபேசி முதலில் அவர்கள் கைக்குப் போகும், பெண்பிள்ளைக்குக் கடைசியில்தான் கிடைக்கும். அம்மா கடற்பாசி எடுக்கவோ கருவாட்டு வேலைக்கோ போயிருந்தால் சின்னதுகளைப் பார்த்துக்கொள்வதும் அந்தப் பெண்பிள்ளைதான். "வீடியோவைப் பார்த்துட்டு வா" என்று சொல்லிவிட்டு, பார்க்காமல் வந்தவர்களை எழுப்பி நிறுத்தினால், எந்தப் பிள்ளைகள் நிற்பார்கள் என்று முன்பே சொல்லிவிடலாம்.

அதனால் இங்கே இரண்டாவது வழியே நல்லது: பள்ளிக்குள்ளேயே சுழற்சி. முப்பத்தாறு பிள்ளைகள் என்றால் பன்னிரண்டு பேராக மூன்று குழு. ஒரு குழு உயர்தொழில்நுட்ப ஆய்வகம் எனப்படும் பள்ளிக் கணினி அறையிலோ பள்ளியின் மடிக்கணினி, டேப்லெட்டிலோ காணொளியும் கேள்வியும். இன்னொரு குழு டப்பாவும் மணலும், அல்லது பயிற்சித் தாள். மூன்றாவது குழு ஆசிரியரோடு. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். இடம் மாறவும் சத்தம் அடங்கவும் இரண்டு மூன்று நிமிடம் போகும் என்பதால், முடிந்தால் தொடர்ந்து இரண்டு பாடவேளை வாங்கிக்கொள்வது நல்லது. கருவிகள் குறைவாக இருப்பது இதில் தடையே இல்லை. ஆறு டேப்லெட்டில் பன்னிரண்டு பேர் இருவர் இருவராகப் பார்க்கலாம். விடையைப் பற்றி அவர்களுக்குள் நடக்கும் வாக்குவாதத்திலும் பாடம் நடக்கிறது.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு இது புதிதும் இல்லை. 2007-ஐ ஒட்டி அரசுத் தொடக்கப்பள்ளிகள் எங்கும் வந்த செயல்வழிக் கற்றலில் பாயில் குழுகுழுவாக உட்கார்ந்து, அட்டைகளை எடுத்து, பிள்ளைகள் தங்கள் வேகத்தில் படித்தார்கள். ஆசிரியரும் தரையில் உட்கார்ந்தார். அதை நடத்திய கை இதையும் நடத்தும். ஒரே அறையில் மூன்று வகுப்பை வைத்துச் சமாளிக்கும் ஈராசிரியர் பள்ளிகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது சுழற்சி முறையைத்தான். ஆனால் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திரை நேரம் மிகக் குறைவாகவே இருக்க வேண்டும். எழுத்தைக் கையால் எழுதி, வாய்விட்டுச் சொல்லி, கதை கேட்டு வளரும் வயது அது.

சிக்னல் இல்லாமலும் நடக்கும்

'இணையவழி' என்ற சொல்லைக் கேட்டு, எந்நேரமும் இணையம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைக்க வேண்டாம். பாடம் ஒருமுறை இறங்கிவிட்டால் போதும். ஐந்து நிமிடக் காணொளி சுமாரான தரத்தில் 20 முதல் 30 எம்பிக்குள் அடங்கும். அதே ஐந்து நிமிடத்தை ஆசிரியர் குரலில் மட்டும் பதிந்தால் 2 அல்லது 3 எம்பிதான். நாற்பது நிமிட நேரலை வகுப்போ பல நூறு எம்பியைத் தின்னும், நடுவில் அறுந்தால் அவ்வளவும் வீண். அதனால் நேரலையை விட்டுவிடுங்கள். சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் இறக்கி, மெமரி கார்டிலோ பென்டிரைவிலோ பள்ளிக்குக் கொண்டுவாருங்கள். கொலிப்ரி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதைப் பள்ளியின் ஒரு கணினியில் நிறுவிவிட்டால், இணையமே இல்லாமல் அந்த அறைக்குள் இருக்கும் மற்ற கருவிகளுக்குப் பாடத்தையும் கேள்வியையும் அதுவே வழங்கும், யார் எதுவரை செய்தார்கள் என்பதையும் காட்டும்.

தமிழில் பாடப்பொருளுக்குப் பஞ்சமில்லை. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் அச்சிட்ட கியூஆர் குறியீட்டை வருடினால் அரசின் இணையப் பாடத்தளமான திக்ஷாவின் பாடங்கள் திறக்கும். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் நிகழ்ச்சிகள் யூடியூபில் இருக்கின்றன. 2023-இல் பள்ளிக் கல்வித்துறை மணற்கேணி என்ற காணொளிப் பாடச் செயலியை வெளியிட்டது. எதையும் முழுசாகக் காட்ட வேண்டும் என்று கட்டாயமில்லை. பன்னிரண்டு நிமிடப் படத்தில் உங்களுக்கு வேண்டியது மூன்று நிமிடம் என்றால் அந்த மூன்று நிமிடம் போதும்.

மழை விடுமுறைக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் மின்சாரமும் இருக்காது, காணொளியும் ஓடாது. அதற்குக் கைகொடுக்கும் ஒரு சான்று ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவிலிருந்து கிடைக்கிறது. 2020-இல் பள்ளிகள் மூடியிருந்தபோது அங்கே சில ஆயிரம் வீடுகளில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு குறுஞ்செய்தியில் கணக்கு அனுப்பினார்கள். இன்னொரு பிரிவுக்குக் குறுஞ்செய்தியோடு, பயிற்றுநர் ஒருவர் தொலைபேசியில் அழைத்துப் பிள்ளையோடு சுமார் இருபது நிமிடம் பேசவும் செய்தார். பேசிய பிரிவில் பிள்ளைகளின் கணக்குத் திறன் தெளிவாக ஏறியது, வெறும் குறுஞ்செய்தி அனுப்பிய பிரிவில் சொல்லும்படி மாற்றமில்லை. ஸ்மார்ட்போன் தேவைப்படவில்லை, பட்டன் போனே போதுமாயிருந்தது. ஆகவே நாலைந்து நாள் பள்ளி நின்றால், எல்லோருக்கும் இணைப்பு அனுப்புவதைவிட, பின்தங்கியிருக்கும் ஐந்து பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆளுக்குப் பதினைந்து நிமிடம் பேசுவது மேல்.

நிஜமாகவே பலன் உண்டா?

உண்டு, ஆனால் அளந்து சொல்ல வேண்டும். அமெரிக்கக் கல்வித்துறை 2010-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், திரையையும் வகுப்பையும் சேர்த்துப் படித்தவர்கள் வகுப்பில் மட்டும் படித்தவர்களைவிடக் கொஞ்சம் நன்றாகச் செய்திருந்தார்கள். அந்த ஆய்வாளர்களே இரண்டு எச்சரிக்கைகளையும் சேர்த்தார்கள். கலந்து படித்தவர்களுக்குப் பல இடங்களில் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் கிடைத்திருந்தன, எனவே பலன் திரையால் மட்டும் வந்தது என்று சொல்ல முடியாது. பள்ளிப் பிள்ளைகள் பற்றிய ஆய்வுகளும் அதில் மிகக் குறைவு. டேப்லெட் வாங்கிவிட்டால் தேர்ச்சி உயர்ந்துவிடும் என்று யாராவது விற்க வந்தால் இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது

முழுப் பாடத்திட்டத்தையும் மாற்ற வேண்டாம். ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகள் இடறும் ஒரே ஒரு பாடத்தை எடுங்கள். ஏழாம் வகுப்பில் எதிர்ம எண்களாக இருக்கலாம், ஒன்பதில் பொருளின் எடைக்கும் நிறைக்கும் உள்ள வேறுபாடாக இருக்கலாம். அதில் கண்ணால் பார்க்க முடியாதது, திரும்பத் திரும்பப் பார்த்தால் தெளிவது எது என்று பார்த்து, அதற்கு ஐந்து நிமிடத்துக்கு மிகாத ஒரு படத்தைத் தேர்ந்தெடுங்கள். முதலில் நீங்கள் முழுதாகப் பாருங்கள். தவறான விளக்கம் சொல்லும் படங்களும் இணையத்தில் ஏராளம்.

பிறகு மூன்று கேள்வி எழுதுங்கள். இதில்தான் உழைப்பு முழுவதும் இருக்கிறது. "கடற்காற்று என்றால் என்ன?" என்பது பயனில்லாத கேள்வி, படத்தில் கேட்டதைப் பிள்ளை அப்படியே எழுதிவிடும். "காற்று எங்கிருந்து எங்கே, ஏன்?" என்பதுபோல, தவறாக நினைப்பவரின் தவறு விடையிலேயே தெரியும்படி கேட்க வேண்டும். கணினி இல்லையென்றால் கால் தாளில் எழுதி வாங்கலாம். வாங்கிய தாள்களை மூன்று அடுக்காகப் பிரித்துவிடுங்கள்: புரிந்தவை, ஒரே மாதிரித் தவறியவை, எங்கே தவறினார்கள் என்றே தெரியாதவை. மூன்றாம் அடுக்குப் பிள்ளைகள் அடுத்த சுழற்சியில் முதலில் உங்களிடம் வர வேண்டும். முதல் அடுக்குப் பிள்ளைகளை இரண்டாம் அடுக்குப் பிள்ளைகளோடு இருவர் இருவராக உட்கார வைக்கலாம்.

முதல் முறை இதற்கு வழக்கத்தைவிட நேரம் அதிகம் பிடிக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. அந்தப் படத்தையும் மூன்று கேள்விகளையும் பிள்ளைகள் எழுதிய தவறான விடைகளையும் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போங்கள். பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளும் பெரும்பாலும் அதே இடத்தில்தான் தவறியிருப்பார்கள். பத்து ஆசிரியர்கள் ஆளுக்கொரு பாடம் என்று பிரித்துக்கொண்டால், அடுத்த ஜூனில் பள்ளி திறக்கும்போது ஒவ்வொருவர் பென்டிரைவிலும் பத்துப் பாடம் இருக்கும்.